வரைபடத்தில் இல்லாத நான்காம் நகரம்

நம் பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நில அளவையாளனாகிய உன் கணவன் எழுதுவது. நான் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா? என் வேலை பறிபோகக்கூடும் என்பதை முறைப்படி தெரிவிக்கவே இக்கடிதம், பதற வேண்டாம்.

இத்தீவு முழுவதும் மண்பாண்டத் தொழில்தான். வடக்கு நகரம் களிமண் தோண்டுகிறது, நடு நகரம் வனைகிறது, கிழக்கு நகரம் சுடுகிறது. வரைபடத்தில் இம்மூன்று மட்டுமே உண்டு. விரிசல் கண்ட பாண்டங்களைத் தென்கரையில் கொட்டிக் கொட்டி, அந்த ஓட்டுமேட்டின்மீது நான்காவதாக ஒரு நகரமே எழுந்துவிட்டது. சூளைச் சாம்பலும் சாக்கடையும் கலந்து நாறும் அவ்விடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளை அளந்தேன்.

"எங்க வீட்டையும் எழுதிக்கிட்டீங்களாண்ணே? படத்துல இருந்தாத்தான் தண்ணிக்குழாய் போடுவாங்களாம்" என்றாள், ஓடு பொறுக்கும் ஒருத்தி.

மேலதிகாரியோ பூவேலைக் கோப்பையில் தேநீரை உறிஞ்சியபடி, "குப்பைமேட்டுக்கெல்லாம் ஊர்னு பேரா சார்? கடல்னு நீலத்தைத் தீட்டிட்டுக் கையெழுத்தைப் போடுங்க" என்று சிரித்தார். தென்கரையைவிட அவருடைய அறைதான் நாறியது; கையெழுத்திடாமல் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பணிநீக்க ஆணை வர எப்படியும் இரண்டு மாதமாகும். ஆகவே தடித்த அடி வைத்த செருப்பு ஒரு ஜோடி அனுப்பு. ஓடு கிழித்த காயம் சிறியதுதான். என் எவர்சில்வர் டம்ளரையும் சேர்த்து வை. இங்கே எதைக் குடித்தாலும் மண்வாடை. பதிலைச் சற்று நீளமாகவே எழுது.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். இப்போது போய், வரைபடத்தின் தென்கரையில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் அழியாத மையால் குறித்துவிட்டு, அதற்குக் கீழேதான் கையொப்பமிடப்போகிறேன்.