பதினைந்தாவது இடம்

தாராவி
8.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெனிஃபர் எழுதுகிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து நாலு வருஷமாகிறது. அதனால்தான் உங்கள் செம்பூர் ஆபீஸ் விலாசத்துக்குத் தபால். டோம்பிவிலி வீட்டுக்கு அனுப்பி, அங்கே நீங்கள் இப்போது குடும்பம் நடத்தும் அந்த அம்மாவைச் சங்கடப்படுத்த எனக்கு இஷ்டமில்லை, இப்போதைக்கு.

மாட்டுங்காவில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அவரவர் தாய்மொழியில் அச்சான ஒன்றை எடுத்துத் திறனாய்வுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். உங்கள் சபை ஜோஷுவா என் வகுப்புதான். சபை போட்ட தந்தையர் தின மலரைக் கொண்டுவந்து, “ஏய், இது உன் பப்பாதானே?” என்றான்.

‘தகப்பன் தோள்’, நாலு பக்கம். டைபாய்டில் கிடந்த மகளின் கட்டிலருகே பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மகள் நான்தான். அப்போது நீங்கள் எங்களை விட்டுப் போய் ஏழு மாதம். உட்கார்ந்திருந்தது அம்மா. பதினோரு நாள் வரவில்லை என்று தோல் பை கார்கானாவில் அவளை வேலையை விட்டே நிறுத்தினார்கள்.

கட்டுரைக்கு அதைத்தான் எடுத்திருக்கிறேன். உங்களுக்காகத் தமிழில் ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது.

உங்கள் மகள்,
ஜெனிஃபர் லாசர்


செம்பூர்
15.7.2024

என் செல்ல மகள் ஜெனிக்கு,

கர்த்தர் உன்னைக் காத்து நடத்துவாராக. நீ கல்லூரிக்குப் போகிறாய் என்று வாசித்ததும் கண் கலங்கிவிட்டது.

கட்டுரையைப் படித்தேன். ‘புளுகு’ என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறாய். பெற்றவனை இப்படியா எழுதுவது? சபை மலர் என்றால் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள், அது ஊர் வழக்கம். செப்டம்பரில் சபைக் கமிட்டித் தேர்தலுக்கு நிற்கிறேன். ஜோஷுவா வீட்டுக்கு இது எட்டினால் வெளியே தலைகாட்ட முடியாது. வேறு நல்ல கதை ஏதாவது எடுத்து எழுதம்மா. உன் அம்மா தூண்டிவிட்டுத்தான் எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். மன்னித்தேன்.

உன் அன்பு அப்பா,
லாசர்


தாராவி
24.7.2024

அப்பாவுக்கு,

மன்னித்ததற்கு ரொம்ப நன்றி.

எங்களுக்குப் பாடம் எடுக்கும் ராஜலக்ஷ்மி மிஸ்ஸுக்கும் உங்களைப் போலவே ‘புளுகு’ பிடிக்கவில்லை, எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்துவிட்டார். “திட்டாதே ஜெனிஃபர், எண்ணிப் பார்” என்றார். எண்ணினேன். நாலு பக்கத்தில் ‘நான்’ அறுபத்தொரு தடவை வருகிறது. அம்மா ஒரே ஒரு தடவை: ‘அவள் தாயாரும் உடனிருந்தாள்.’ இத்துடன் இருக்கும் இரண்டாம் பிரதியில் நான் திட்டவே இல்லை. வாசித்தால் முதலாவதே தேவலாம் என்று நினைப்பீர்கள்.

அம்மாவுக்கு இது தெரிந்ததே நேற்றுதான். “ஏட்டி, அந்த மனுசன் வாயத் தொறந்தா இப்படித்தான் பேசுவாரு. விட்டுத் தொலை” என்றாள். அப்புறம் மலரை வாங்கி அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தாள். நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. அதற்காகவே உங்களை விடமாட்டேன்.

ஒரு வழி சொல்கிறேன். கட்டிலருகே இருந்தது ஏஞ்சலம்மாள் என்று மலருக்கு ஒரு திருத்தம் எழுதிக் கொடுங்கள். கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஃபெயில் மார்க் வாங்கிக்கொள்கிறேன். அதற்குக்கூட உங்களுக்கு மனம் வரவில்லையென்றால், இந்தப் பிரதியின் ஓரத்தில் அகலமாக இடம் விட்டிருக்கிறேன். அவள் பெயரை அங்கே ஒரு தடவை எழுதி அனுப்புங்கள், போதும்.

ஜெனிஃபர் லாசர்


செம்பூர்
2.8.2024

ஜெனிஃபருக்கு,

உன்னிடம் இனி கெஞ்சிப் பிரயோஜனமில்லை. என் பெயர் வந்த இடத்தையெல்லாம் அடித்து உன் பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். லாசர் என்ற பெயர் உன் எழுத்தில் ஓரிடத்திலும் இருக்கக் கூடாது. இருந்தால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

லாசர்


தாராவி
12.9.2024

திரு. லாசர் அவர்களுக்கு,

பிரதி வந்தது. கவரைப் பிரித்ததும் ஓரத்தைத்தான் முதலில் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் பார்த்தேன். நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பதினாலு இடத்தில் உங்கள் பெயரை ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறீர்கள். ‘டைபாய்டின்போது தகப்பன் வரவில்லை’ என்ற வரியை மட்டும் தொடவே இல்லை. மறுப்பதற்கு வாய்ப்புக் கொடுத்தும் மலரில் எழுதியவர் மறுக்கவில்லை என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். மிஸ் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு இலக்கிய மன்ற இதழுக்குக் கொடுத்துவிட்டார். அச்சாகி வந்துவிட்டது. தேர்தலுக்கு முன் சபையார் வாசிக்கட்டும் என்று ஜோஷுவாவிடம் ஆறு பிரதி கொடுத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், உள்ளே ‘ஒரு தகப்பன்’ என்றுதான் இருக்கிறது. மலரின் பெயரும் தலைப்பும் மட்டும் இருக்கின்றன, அவை இல்லாமல் திறனாய்வு எழுத முடியாது.

ஓரிடத்திலும் இருக்கக் கூடாது என்றீர்கள் அல்லவா? பதினைந்தாவது இடம் உங்கள் கண்ணில் படவில்லை. தலைப்புக்குக் கீழே, என் பெயருக்குப் பின்னால் இருந்தது. இந்த ஊர் வழக்கப்படி பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்னபடியே அதையும் எடுத்துவிட்டேன். காலேஜில் அஃபிடவிட் கொடுத்தாயிற்று, கெஜட்டுக்கும் எழுதிப் போட்டாயிற்று. “எம் பேரா? எதுக்குட்டி?” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். நோட்டரி முன்னால் அவள் கையெழுத்துப் போட ரொம்ப நேரம் ஆனது.

பதில் போட வேண்டாம். இந்த விலாசத்துக்கு இனி நானும் எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
ஜெனிஃபர் ஏஞ்சலம்மாள்