நான்காம் நாள் சொன்ன பொய்

சிஸ்டர்,

இன்று காலை ஏத்தவாழைப்பழம் அவித்தேன். ஆவி முகத்தில் அடித்ததும் நாகர்கோவில் ஆஸ்பத்திரியின் அந்தக் குழந்தைகள் வார்டும் உங்கள் வேகநடையும் ஞாபகம் வந்துவிட்டன. உங்களை அடக்கம் செய்து ஒரு வாரம்தான் ஆகிறது.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆன நான்காம் நாள். காற்று பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், அதுவரை வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். தினமும் கட்டில் கட்டிலாக வந்து, கூச்சமே இல்லாமல், "மக்கா, பிள்ளைக்குக் காத்து போச்சா?" என்று கேட்பீர்கள். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அன்று பக்கத்துக் கட்டிலில், சர்ச் சபைக்காரர்கள் அவித்துக் கொண்டுவந்த ஏத்தம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் பசிக்கிறதென்று அழுது ஓய்ந்து, விரலைச் சப்பியபடி பார்த்துக்கொண்டே கிடந்தாள். என் மனசு கேட்கவில்லை.

"போச்சு சிஸ்டர்" என்றேன்.

டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கஞ்சித்தண்ணி கொடுக்கச் சொன்னீர்கள். மடக் மடக்கென்று குடித்தாள்.

மதியத்துக்குள் வயிறு பானையாய் உப்பிவிட்டது. பச்சைப் பசேலென்று வாந்தி. அதைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது. "உள்ளதச் சொல்லு. காத்து போச்சா?" இல்லை என்றேன். நீங்கள் திட்டவில்லை, டாக்டரிடம் ஓடினீர்கள். குடல் ஒட்டி மடங்கி அடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் மறுபடி வயிற்றைத் திறந்தார்கள்.

வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "கஞ்சித்தண்ணியால ஒண்ணும் குடல் ஒட்டல. ஆனா நீ சொன்ன பொய்யில எனக்கு அரைநாள் போச்சு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிடாத." குழப்பிக்கொண்டுதான் இருந்தேன், பன்னிரண்டு வருடமாக.

ஐந்து நாள் கழித்து அவளுக்குக் காற்று பிரிந்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. முதலில் சிரித்தது நீங்கள்தான். அவள் போர்வைக்குள் ஒளிந்துகொண்டாள்.

உங்கள் அடக்கத்துக்கு அவள்தான் ஸ்கூட்டரில் என்னை அழைத்து வந்தாள். திரும்பும் வழியில், முகம் பார்க்கத் தைரியமில்லாமல், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் வண்டியை நிறுத்தக்கூட இல்லை.

"கட்டில்ல கெடந்தது நான்தானேம்மா. நீ சொன்னது எனக்குக் கேக்காதா? சிஸ்டர் அப்பவே எங்கிட்ட வந்து, அம்மா மேல கோவமான்னு கேட்டாங்க. பசிக்குன்னு அழுதது நான்தானேன்னு சொன்னேன். 'அப்போ அம்மையும் மகளுமா சேந்துதான் என்ன ஏமாத்துனியளா'ன்னு சிரிச்சாங்க."

அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீடுவரை அழுதேன். எனக்காக என் பிள்ளையிடம் பேசிவிட்டு, அதை என்னிடம்கூடச் சொல்லாமல் போயிருக்கிறீர்கள். இத்தனை வருடமும் அவள் என்னை மன்னித்தவளாகவே என் கையால் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறாள், சிஸ்டர்.