பதினோராம் அத்தியாயத்தில் ஒட்டிய தாள்

நேற்றுக் காலை மருதனார்மடம் சந்தையடியில், கோயில் திருவிழா நோட்டீஸ் ஒட்டுவதற்காக ஒருவர் தகர வாளியில் கோதுமை மாப் பசை கலக்கிக்கொண்டிருந்தார். அந்த மணம் மூக்கில் பட்டதும் கையில் எடுத்த கத்தரிக்காயோடு அப்படியே நின்றுவிட்டேன். "ரீச்சர், வேணுமோ வேண்டாமோ?" என்று சந்தைக்காரி இரண்டு தரம் கேட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது. நீர் போய் ஒன்றரை வருடமாகிறது. உமக்கு எழுத வேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றியது.

நாம் பள்ளித் தோழிகள் அல்ல, உறவும் அல்ல. நான் உடுப்பிட்டியில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு சிறுகதை எழுதியவள். நீர் மயிலிட்டியில் பிறந்து, இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் முகாமில் இருந்து, ஊர் இராணுவத்திடமிருந்து விடுபட்டதும் முதல் ஆட்களில் ஒருவராகத் திரும்பிப் போனவர். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில், இருவரும் சொந்தமாக அடிப்பித்த புத்தகங்களின் புரூஃப் பார்க்க வந்த இடத்தில்தான் சந்தித்தோம். நீர் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தீர். மெதுவாக வாசிக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். "கண்ணால வாசிச்சால் பிழை ஒளிச்சிடும். வாயால வாசிச்சால்தான் பிடிபடும்" என்றீர்.

உமது முகாம் நினைவுகள் வெளியான நாளை மறக்கவில்லை. மங்கல விளக்கேற்றல், ஆசியுரை, வாழ்த்துரை, நயப்புரை. நயப்புரையில் புத்தகத்தைப் பாராட்டிப் பேசியவர் அதை "அருமையான நாவல்" என்று நான்கு தரம் சொன்னார். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, பிரதியைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் கழிந்தது. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. என் சிறுகதைத் தொகுதிக்கும் அதே கதிதான். உறவினர் வீட்டுப் பூப்புனித நீராட்டுக்குப் போன இடத்தில், கண்ணாடி அலுமாரிக்குள் உமது புத்தகம் கட்டிய ரிபன் அவிழ்க்காமல் இருந்ததைக் கண்டுவிட்டு வந்தீர்.

"வாங்கின ஆக்கள் கனபேர். வாசிச்ச ஒராளைக் காட்டும் பாப்பம்" என்றீர். பிறகு குரலை இறக்கிச் சொன்னீர்: "எனக்குப் பேர் வேண்டாம். அந்த முகாமில கிடந்த சனம், தங்களைப் பற்றி ஒராள் எழுதி வைச்சிருக்கு எண்டு அறியவேணும். அவ்வளவுதான்."

அதன்பிறகு சனிக்கிழமைகளில் என் ஸ்கூட்டரில் புறப்பட்டோம். நான் ஓட்டுவேன், நீர் பின்னால் புத்தகப் பையை அணைத்துக்கொண்டு இருப்பீர். ஊர் ஊராகச் சனசமூக நிலையங்களில் பத்திரிகை மேசையில் ஒவ்வொரு பிரதி வைத்தோம். மறு கிழமை ஓரிடத்தில் போய்ப் பார்த்தால், மின்விசிறிக் காற்றுக்குப் பத்திரிகை பறக்காமல் உமது புத்தகத்தை அதன் மேல் வைத்திருந்தார்கள். "பாரமான எழுத்து எண்டு இப்ப விளங்குது" என்று சிரித்தீர். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் நிற்கவில்லை.

பிறகு தவம் அண்ணை வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் உமது வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்தபடி உள்ளே வந்தார். உங்கள் ஊரில் வள்ளம் வைத்திருப்பவர் என்று பிறகு சொன்னீர். இருக்கச் சொன்னீர், அவர் இருக்கவில்லை.

"பதினோராம் அத்தியாயத்தில, தாயை விட்டிட்டு ஓடின மகன் எண்டு எழுதியிருக்கிறீர். பேர் போடேல்லை. ஆனால் கண் தெரியாத தாய் ஆருக்கு இருந்தது எண்டு ஊருக்குத் தெரியும்."

"ஊரில கதைச்சதைத்தான் அண்ணை எழுதினனான்."

"என்னட்டைக் கேட்டனீரோ?"

நீரும் எழுந்து நின்றீர்.

"அம்மா வரமாட்டன் எண்டு கதவை உள்ளால பூட்டினவ. ஷெல் விழுந்துகொண்டிருக்கு. மனுசியும் பிள்ளையளும் வள்ளத்தில. நான் கதவைத் தட்டி மூண்டு தரம் கூப்பிட்டனான். மூண்டு தரமும் 'நீ போ' எண்டா. நாலாம் தரம் நான் கூப்பிடேல்லை." அவர் புத்தகத்தை விரித்து, மறுபடி சுருட்டினார். "அதுதான் என்ரை பிழை. அதை எழுதும். நீர் எழுதினது என்ரை பிழை இல்லை."

மன்னிப்புக் கேட்கப் போகிறீர் என்று நினைத்தேன். நீர் கேட்டது வேறு.

"அண்ணை, முழுக்க வாசிச்சனீங்களோ?"

"ரெண்டு தரம். ரெண்டாம் தரம் மனுசிக்கு வாசிச்சுக் காட்டினனான்."

அப்போது உமது முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு வெட்கத்தையும் அவ்வளவு நிறைவையும் ஒரே முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

அவர் போனபின் நாம் சண்டை பிடித்தோம். இரண்டாம் பதிப்பில் திருத்தலாம், இப்போது விடும் என்றேன். "ரெண்டாம் பதிப்போ? முதலாம் பதிப்பே கட்டிலுக்குக் கீழ கிடக்கு. அந்த மனுசன் இன்னும் எத்தினை வருசம் தாயை விட்டிட்டு ஓடவேணும்?" என்றீர்.

அவர் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடமே கொண்டுபோனீர். நானும் வந்தேன். வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எழுத்தெழுத்தாக வாசித்தார். ஒரு சொல்லில் விரலை வைத்தார். "'அழுதார்' எண்டு கிடக்கு. நான் அண்டைக்கு அழேல்லை. அழுதது கனகாலத்துக்குப் பிறகு. வெட்டும்." வெட்டினீர். அந்தப் பக்கத்தைத் தனித்தாளாக அச்சடித்தோம். உமது குசினியில் கோதுமை மாவைக் காய்ச்சி, இருந்த பிரதிகள் எல்லாவற்றிலும் பதினோராம் அத்தியாயத்தின் முடிவில் ஒட்டினோம். வீடு முழுக்கப் புத்தகம் விரித்துக் காயப் போட்டிருந்தோம்.

ஆனால் வெளியே போன பிரதிகள்? வெளியீட்டன்று பெயர் கூப்பிட்ட பட்டியலை எடுத்துக்கொண்டு, பசைப் போத்தலும் தாளுமாக வீடு வீடாகப் போனோம். "உங்களட்டை இருக்கிற புத்தகத்தை ஒருக்கால் தாருங்கோ. ஒரு தாள் ஒட்டவேணும்" என்பீர். சிலர் தேடி எடுக்கவே அரை மணித்தியாலம் ஆனது. கண்ணாடி அலுமாரி வீட்டிலும் ரிபனை அவிழ்த்தார்கள். என்ன தாள் என்று ஒட்டும்போதே எட்டிப் பார்ப்பார்கள். தாளை வாசித்தால் அத்தியாயத்தை வாசிக்க வேண்டும், அத்தியாயத்தை வாசித்தால் முன்னால் நடந்ததை அறிய வேண்டும். இரண்டு கிழமைக்குள் உமக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது.

"எங்கடை அப்பாவின்ரை வள்ளத்துக்குப் பேர் பிழை."

"அண்டைக்கு மழை இல்லைப் பிள்ளை, நல்ல வெய்யில்."

ஒருவரும் புத்தகம் நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. நீரும் அதைக் கேட்கவில்லை. மல்லாகத்துப் பக்கம் ஒரு பெண் நாம் போகும்வரை வாசலில் காத்திருந்தா. "முழுக்க வாசிச்சிட்டன் அக்கா. முகாமில என்ரை தங்கச்சி காய்ச்சலில செத்தவள். அவள் உதில இல்லையே" என்றா. நீர் அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு, அவவின் பிரதியிலேயே பேனையால் எழுதிக் கொடுத்தீர். உமது கொப்பியிலும் எழுதிக்கொண்டீர்.

அந்த மாதங்களில்தான் இடது கையை மார்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறத் தொடங்கினீர். என்ன என்று ஒருதரம் கேட்டேன். "பை தூக்கின கை உளைவு" என்றீர். இரண்டாம் தரம் நான் கேட்கவில்லை. கிளினிக்குக்குப் போனபோது மார்பில் கட்டி என்றார்கள்; பிந்திவிட்டது. தவம் அண்ணை கூப்பிடாத அந்த நாலாம் தரத்தின் பாரம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் இருந்து அதை உமக்குச் சொன்னேன். உம்மை ஊர் ஊராக ஏற்றித் திரிந்து நானே கொண்டுபோய் முடித்துவிட்டேன் என்று அழுதேன். உமக்குக் கோபம் வந்தது. மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்:

"கட்டி இருக்கெண்டு எனக்கு முதலே தெரியும். சொன்னால் நீர் ஸ்கூட்டரை நிப்பாட்டிப்போடுவீர். நான் என்ரை விருப்பத்திலதான் திரிஞ்சனான். எழுதினால் அதைச் சரியா எழுதும்."

இதோ, சரியாக எழுதிவிட்டேன். உம்மோடு உடன்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உமது செத்தவீட்டுக்குப் பல ஊர்களில் இருந்து சனம் வந்தது. பாதிப்பேரை உமது பிள்ளைகளுக்கே தெரியாது. "நீங்கள் ஆர்?" என்று மகள் கேட்க, "நாங்கள் அம்மாவின்ரை புத்தகத்தில இருக்கிறம்" என்று ஒரு வயதானவர் சொன்னார். தவம் அண்ணை பாடைக்குத் தோள் கொடுத்தார்.

இப்போது என் இரண்டாவது தொகுதி தயாராகிறது. வெளியீட்டுக்கு மண்டபம் எடுக்கவில்லை. அதில் ஒரு கதை என் அண்ணையின் மனைவியான மச்சாளைப் பற்றியது. அண்ணை வெளிநாடு போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்ட பிறகும், எங்கள் வீட்டிலேயே இருந்து எங்கள் அம்மாவைக் கடைசிவரை பார்த்தவர் அவர். அச்சுக்குக் கொடுக்க முதல், போன கிழமை அந்தக் கதையை அவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க, முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் அப்படிப் பயந்ததில்லை.

கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மச்சாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதில ஒரு இடம் பிழை" என்றார். "நான் பொறுமையா இருந்தனான் எண்டு எழுதியிருக்கிறீர்."

நான் பேனையை எடுத்தேன்.

"சொல்லுங்கோ மச்சாள்."