திரைக்கு இந்தப் பக்கம்

ஹஜ்ரத் அவர்களுக்கு, ஸலாம். ஊரே உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறது, மனைவி மட்டும் வேறு மாதிரி கூப்பிடுவானேன்?

நேற்று பள்ளிவாசல் ஜும்ஆ பயானில் பொறுமையைப் பற்றிப் பேசினீர்கள். பெண்கள் பக்கத்து ஒலிபெருக்கி கரகரத்தாலும் நன்றாகவே கேட்டது. "என் மனைவியையே எடுத்துக்குங்க. மகனை அடக்கம் பண்ணின அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. அதுதான் சபுரு" என்றீர்கள். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

அன்று நீங்கள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. "வாயை மூடு. வெளிய ஜமாஅத்து ஆளுங்க இருக்காங்க. என் மானத்தை வாங்காத." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். தம் மகன் இறந்தபோது நபியவர்களே கண்ணீர் விட்டார்கள் என்பதும் உங்கள் பயானில் கேட்டதுதான். நேற்று அது ஏனோ உங்கள் நினைவுக்கு வரவில்லை.

அக்கா வீட்டில் இருக்கிறேன். வந்ததிலிருந்து வாய்விட்டு அழுகிறேன். அக்கா கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள். இனி அந்த வீட்டுக்கு வருவதாக இல்லை.

பொறுமை என்பது முதல் அடி விழும்போது காட்டுவது என்பீர்களே. இதோ, விழுந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வெளியே ஜமாஅத்து ஆட்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
அவனுடைய உம்மா