ஆறுகாலியின் முன்கால்கள்

அன்புள்ள பட்டாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நான் முழு நலம். அப்பா முக்கால்வாசி நலம். மிச்சத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதனால் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் கத்துவேன், நான் கத்தினால் அப்பா வந்து போனைப் பிடுங்கி, அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். காகிதத்தை அப்படிப் பிடுங்க முடியாது.

வீட்டில் குளியலறைக் கூரை இன்னும் சொட்டுகிறது. வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்து, "பெருசா ஒண்ணுமில்லையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலையிலா சொட்டுகிறது, அவருக்கு எப்படிப் பெரிதாகத் தெரியும். உன் அறையை நீ விட்டுப்போனபடியே வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன், அங்கே தையல் மெஷினும் ஃபோம் மூட்டைகளும் குடியேறி நாளாகிவிட்டது, நீ வந்தால் அவற்றோடு சண்டை போட்டு இடம் பிடித்துக்கொள். பட்டறையில் சோபாவுக்கு உறை தைக்கிற வேலை அப்படியேதான் போகிறது, முதலாளியின் மகன் மட்டும் இப்போது புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறான், வெட்டி மிஞ்சிய ரெக்சின் துண்டு குப்பைக்குப் போகலாமாம், தைக்கிறவள் வீட்டுக்குப் போகக் கூடாதாம். குப்பைத் தொட்டிக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லை. நான் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துக்கொண்டுதான் வருகிறேன், நீ யாரிடமும் சொல்லாதே. இந்த வருஷம் நம் மாநாட்டு வேஷம் ஆறுகாலிக்குப் புது முதுகு அந்தத் துண்டுகளில்தான் தைத்தேன், பச்சையும் பழுப்புமாக, பார்த்தால் நிஜத் தோல் மாதிரியே இருந்தது.

உங்கள் வீட்டில் வருஷா வருஷம் என்னதான் செய்கிறீர்கள் என்று உன் ஆபீசில் கேட்டபோது விளக்கத் தெரியாமல் விழித்தேன் என்று சொன்னாயே, இதில் விழிக்க என்ன இருக்கிறது. ஒரு காலத்தில் டிவியில் விண்வெளித் தொடர் ஒன்று வந்தது, அதைப் பைத்தியமாகப் பார்த்தவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வேஷம் கட்டிக்கொண்டு மாநாடு கூடுகிறோம், எல்லாரும் கதாநாயகனாகவும் தளபதியாகவும் வருவார்கள், எங்கள் குடும்பம் மட்டும் அந்தத் தொடரில் ஒரே ஒரு வாரம் வந்து அந்த வாரமே செத்துப்போன ஆறுகால் மிருகமாக வரும், அப்பா தலையும் முன்கால்களும், நான் நடுக்கால்கள், அம்மா பின்கால்களும் வாலும் என்று சொல். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டலில் கூடி ஒருத்தரை ஒருத்தர் புகழ்ந்துகொள்கிறார்களே உன் மேலதிகாரிகள், அதுவும் வேஷம்தான், எங்களுடையதில் தையல் நன்றாக இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாநாடு முடிந்ததிலிருந்து நீ போட்டோ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், அப்பா போன் ரிப்பேர் என்கிறார், நான் அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று நழுவுகிறேன். அனுப்பும்படி போட்டோ எதுவும் இல்லை, அதுதான் உண்மை. நீ போன பிறகு உன் இடத்துக்கு மாடிவீட்டு எலெக்ட்ரீஷியனைச் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, நம் நெட்டைதான். ஆள் தங்கம், உயரம்தான் தொல்லை. அவன் நடுவில் நின்றதும் ஆறுகாலிக்கு ஒட்டகத் திமில் வந்துவிட்டது. வண்டி நிறுத்துகிற இடத்தில் நடந்து பழகினோம், அப்பா தலைக்குள்ளிருந்து இடது வலது என்று சொல்லச் சொல்ல நாங்கள் எடுத்துவைக்க வேண்டும், இவன் எப்போது பார்த்தாலும் எதிர்க்காலைத் தூக்குவான். "அண்ணே, எனக்கு எலெக்ட்ரிக்ல பாசிட்டிவ் நெகட்டிவ் மட்டும்தாண்ணே தெரியும், இடது வலது தெரியாது" என்பான். "அப்ப உன் பொண்டாட்டி பாவம்டா, செருப்பு மாட்டிவிடவே ஒரு ஆள் வேணும்" என்று அப்பா சொல்ல, மூன்று பேரும் உள்ளேயே சிரித்துச் சிரித்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டோம். அப்போதெல்லாம் அப்பா ஓரத்துத் தூண்களில் தோளை இடித்துக்கொண்டே வந்தார். தலை கனம், அதனால் இழுக்கிறது என்றார். நாங்களும் நம்பினோம், நெட்டை ஒரு பக்க எடையைக்கூடக் குறைத்துக் கட்டிக்கொடுத்தான்.

மாநாட்டை இந்த வருஷம் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் நாமே நாற்காலி போட்டு, நாமே பெருக்கி, மருந்துக்கடை அக்கா பெரிய பாத்திரத்தில் டீ கொண்டுவந்து ஊற்றிய கூட்டம் அது. இப்போது கண்ணாடி மண்டபம், கழுத்தில் அட்டை, அட்டையின் நிறத்துக்கு ஒரு வாசல். அதைத் தொடங்கிய ஆட்களுக்கு வெயிலில் வரிசை, பெரிய டிக்கெட் வாங்கியவனுக்குக் குளிரில் சோபா. அந்தச் சோபாவில் ஒன்று நான் தைத்தது, தையலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, உட்காரப் போனால் "மேடம், இது உங்களுக்கு இல்ல" என்கிறான் கம்பெனிப் பையன். அது போகட்டும். அணிவகுப்புப் பாதை எப்போதும் நேராக இருக்கும், இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருப்பார்கள். இந்த முறை கயிற்றை எடுத்துவிட்டுப் பாதை ஓரமெல்லாம் கடைகளாக நிரப்பிவிட்டார்கள், இடதுபக்கம் ஏதோ குளிர்பான டப்பாக்களைக் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். மேளம் அடித்ததும் கிளம்பினோம். உனக்குத்தான் தெரியுமே, நடுவிலும் பின்னாலும் இருக்கிறவர்களுக்கு இருட்டுத்தான், பார்ப்பது மிருகத்தின் வாய் வழியாக அப்பா மட்டும். கொஞ்ச தூரம் போனதும் டமடமவென்று சத்தம், டப்பாக் கோபுரம் முழுக்கச் சரிந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது, மிருகம் வேண்டுமென்றே செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்பாவுக்கு என்ன உற்சாகம் என்றுதான் நினைத்தேன். அவர் நிற்கவில்லை, இடது வலது என்று சொல்லிக்கொண்டே போனார். அடுத்து ஒரு குழந்தை வீறிட்டது. பாதை ஓரத்தில், அதே இடதுபக்கம், ஒரு சின்னக் குழந்தை தரையில் உட்கார்ந்து டப்பாவை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அப்பாவின் கால் அதன் விரலுக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிறது. யாரோ "நில்லுய்யா!" என்று கத்த, அப்பா அப்படியே நிற்க, நெட்டை அவர் மேல் விழ, நான் நெட்டை மேல் விழ, ஆறுகாலி மடங்கிப் படுத்துவிட்டது. குழந்தைக்குக் கீறல்கூட இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அதன் அம்மா எங்களைப் பிடித்துக் கிழித்துவிட்டாள், கிழிக்கட்டும், நானாக இருந்தால் அடித்தே இருப்பேன். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீடியோ உன்னிடம் வந்தால் பார்க்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, பார்த்தால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்.

விழுந்து கிடக்கும்போது அப்பா ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "அங்க யாருமே இல்லையே, அங்க யாருமே இல்லையே" என்று. பின்பக்கம் சாமான் இறக்குகிற இடத்துக்குக் கூட்டிப்போய் தலையைக் கழற்றி, நேராகப் பாருங்க என்று சொல்லிவிட்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் கையை நீட்டினேன். தெரியவில்லை. இன்னும் முன்னால் கொண்டுவந்தேன். தெரியவில்லை. ஏறக்குறைய மூக்குக்கு எதிரே வந்த பிறகு, "இப்பத் தெரியுது" என்றார், ஏதோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். பட்டாணி போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு என்றார். பிறகு அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், "வெளியிலதான் கஷ்டமா இருக்கு. இதுக்குள்ள இருக்கும்போது ஒண்ணும் தெரியல. அந்த வாய் வழியா யார் பாத்தாலும் அவ்வளவுதானே தெரியும். உள்ள நானும் மத்தவங்களும் ஒண்ணு." நான் திட்ட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். மூடிய வேகத்தில் இன்னொன்று உறைத்தது. இந்த மனுஷன் தினமும் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். ஆள் உயரத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நடக்கிற சந்தில். அப்போது என் வாய் திறந்தது, அதற்குப் பிறகு வீடு வரும்வரை மூடவில்லை.

கண் டாக்டரிடம் காட்டினோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறதாம். போன பார்வை போனதுதான், திரும்ப வராது. இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், முன்னாடியே வந்திருக்கலாமே என்றார். எப்படி வருவது, கிடங்கில் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை என்று ஒன்று உண்டு, யாரும் கண்ணைப் பார்ப்பதில்லை, கையெழுத்துப் போட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். டாக்டரைப் பார்த்த பிறகு அப்பா போய் மேற்பார்வையாளரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்த ஆள், "அண்ணே, ஓட்டுற வரைக்கும் ஓட்டுங்க, நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல" என்றானாம். பார்த்தாயா எவ்வளவு நல்லவன். நாளைக்கு ஒரு ஆள் அடிபட்டால் ஓட்டியவன் குருடன் என்று கையைக் கழுவிவிடுவான். அப்பா இரண்டு மூன்று நாள் அப்படியே வண்டி ஓட்டப் போய்வந்தார், நான் தட்டைச் சத்தமாக வைத்தேன். பிறகு ஒரு சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "சாவியக் குடுத்துட்டேன்" என்றார். ஒரு புதுப் பெண் பெட்டிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டே சந்துக்குள் வந்தாளாம், அவளைப் பார்க்கவே இல்லையாம், அவள் பாடிக்கொண்டு வந்ததால் நிறுத்தினாராம். "அந்தப் புள்ளைக்குப் பாட்டு வராம இருந்திருந்தா?" என்று கேட்டார். எல்லார் எதிரிலும் சத்தமாகவே சொல்லிவிட்டு வந்திருக்கிறார், எனக்குக் கண்ணு தெரியல, எல்லாருக்கும் நெசமாவே டெஸ்ட் பண்ணுங்கன்னு. கூட ஓட்டுகிறவர்களில் ஒருத்தர் முதுகைத் தட்டினார், ஒருத்தர் "உன்னால எங்க பொழப்பும் போகப்போகுது" என்று துப்பினார். துப்பியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் கண்ணில் ஏதோ இருக்கும், பயம். இப்போது அப்பா அங்கேயே பார்சல் கட்டுகிற மேசையில் நிற்கிறார், கூலி குறைவுதான், நீ உடனே பணம் அனுப்பாதே, தேவைப்பட்டால் வெட்கப்படாமல் கேட்பேன்.

ஆனால் வீட்டில் ஆள் ஆளாக இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறுகாலியின் தலையை அலமாரிக்கு மேலே சுவர்ப்பக்கம் பார்க்க வைத்துவிட்டார். இனிமேல் மாநாடு வேண்டாமாம். மருந்துக்கடை அக்கா வந்து, கம்பெனி எக்கேடோ கெடட்டும், நாம் பழைய ஆட்கள் அடுத்த வருஷம் பள்ளிக்கூட மண்டபத்திலேயே கூடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள், அதற்கும் உம் கொட்டியதோடு சரி. நெட்டை தானே தலையை மாட்டிக்கொள்கிறேன் என்றான். "நீ மாட்டுனா அது ஆறுகாலி இல்லடா, ஒட்டகச்சிவிங்கி" என்றார், அன்றைக்குச் சிரித்ததுதான். நேற்று ஃபோம் மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தபோது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார், நடுவுல நிக்கிறவனுக்குக் கண்ணு எதுக்கு, இல்ல? என்று. எதுக்கு என்றேன் நானும். அவ்வளவுதான் பேச்சு. அவர் உன்னிடம் கேட்கமாட்டார், அதனால் நான் கேட்கிறேன். அடுத்த வருஷம் நீ முன்னால் நிற்கிறாயா? அப்பா உன் இடத்துக்கு வருவார், நெட்டையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். பாவம் பார்த்து வராதே, பாவம் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும், அதற்குக் கண் வேண்டாம். லீவு கிடைக்காது என்றால் முடியாது என்று நேராகச் சொல், நான் அழமாட்டேன், திட்டுவேன், அது வேறு. வருவதானால் நெற்றியைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து அனுப்பு, தலையின் உள்பட்டையைப் பிரித்துத் தைக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்தால் விடமாட்டேன். இந்த நோய் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வருமாம், டாக்டர் சொன்னார். வலிக்காது, ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் திருடன் மாதிரி வருமாம். இந்தக் கடிதம் கிடைத்த வாரமே போய்க் கண்ணைக் காட்டு. கையெழுத்துப் போடுகிற பரிசோதனை இல்லை, நிஜப் பரிசோதனை. ராத்திரி சத்துமாவையும் சர்க்கரையையும் தின்று பசியை ஆற்றாதே, முட்டையாவது வேகவைத்துக்கொள். நல்ல உடம்போடு, நல்ல மனுஷர்கள் நடுவே, யாருக்கும் கூனிக் குறுகாமல் நீ நன்றாக வாழவேண்டும், அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்.

இப்படிக்கு, எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

உறையை ஒட்டப்போகும்போது அப்பா வந்து யாருக்கு என்று கேட்டார். உனக்கு என்றேன். எல்லாத்தையும் எழுதிட்டியா என்றார். எழுதிவிட்டேன் என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டே, இதையும் சேர்த்து எழுது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தலைக்குள்ள மூச்சு முட்டும், வாயத் தொறந்து மூச்சு விடணும்னு சொல்லு. இடது வலது சத்தமாச் சொல்லணும், நமக்குச் சத்தமாக் கேக்குறது பின்னாடி பாதிதான் கேக்கும். அப்புறம், நேரா மட்டும் பாக்க வேணாம்னு சொல்லு. அடிக்கடி தலையத் திருப்பி ரெண்டு பக்கமும் பாக்கணும். ஓரத்துல குழந்தைங்க உக்காந்திருக்கும்."