ஊசியால் போன கால்

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், மனசு வரவில்லை. நீ நலமாக இல்லை என்பதை ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டேன். உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் ஃபோன் பேசுவார் என்று உனக்குத் தெரியாதா? நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

உன் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பதினொன்றைத் தாண்டிவிட்டது, மாத்திரை மட்டும் இனி போதாது, இன்சுலின் ஆரம்பிக்கலாம் என்கிறாராம் உன் டாக்டர். நீ உன் அண்ணனிடம் யோசனை கேட்கிறாய். "ஊசி போட்டு நீ பட்டது போதாதாண்ணே? நான் என்ன செய்ய, சொல்லு" என்கிறாய். அவரும், "வேண்டாம்டா. ஊசியை ஆரம்பிச்சாங்க, அதே வாரம் காலை எடுத்தாங்க, தெரியும்ல" என்கிறார். "அதாண்ணே" என்று நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாய் பார், அதையும் கேட்டேன். போதாக்குறைக்கு, பழைய மருந்துப் பொடி மிச்சம் இருந்தால் அனுப்பச் சொன்னாய். ஒரு டப்பா இருந்தது. சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

கால் எப்படிப் போனது என்று நீ கூட இருந்து பார்த்தாயா? பார்த்தவள் நான் சொல்கிறேன். மரப்பட்டறையில் வேலை செய்யும்போது ஷூவுக்குள் ஒரு ஸ்க்ரூ விழுந்திருக்கிறது. மனுஷன் அதை மிதித்தபடியே நாள் முழுக்க நின்று ஒரு அலமாரியை முடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் சிவப்பாக ஈரமாக இருக்கிறது. "என்னடி இது, பெயிண்டா?" என்று என்னைக் கேட்டார். துளி வலி இல்லையாம். சர்க்கரை ஏறி ஏறிப் பாதம் உணர்ச்சி கெட்டுக் கிடந்தது. புண் ஆறவில்லை. கறுத்தது, நாற ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மெஷினில் எண்ணே வரவில்லை, எண்ணுக்கு அடங்காத சர்க்கரை என்றார் நர்ஸ். அதன் பிறகுதான் ஊசி. அதற்குள் கால் செத்துப்போயிருந்தது. முழங்காலோடு நின்றதே அந்த ஊசி புண்ணியத்தில்தான் என்று அறுத்த டாக்டரே என்னிடம் சொன்னார்.

அதற்கு ரெண்டு வருஷம் முன்பே ஊசி போடச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஃபோனில் வந்து, "ஊசின்னு ஆரம்பிச்சா ஆளை முடிச்சுட்டுத்தான் விடும்ணே, எங்க ஃபோர்மேன் அப்படித்தான் போனாரு, நான் ஒரு பொடி அனுப்புறேன்" என்றது யார்? டப்பா டப்பாவாக வந்து இறங்கியது. மாத்திரையையும் நிறுத்திவிட்டு உன் அண்ணன் அதைக் கரைத்துக் குடித்தார். குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இந்தக் கசப்பு கசக்குதே, அப்ப சர்க்கரைக்கு இதுதான் எதிரி" என்பார். அதில் ஒரு சிரிப்பு வேறு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். தம்பி சொன்னால் வேதவாக்கு, பெண்டாட்டி சொன்னால் நச்சரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனை வைத்ததும், மடித்த துணியை வீசிவிட்டு நேராகவே கேட்டேன், ஊசியால்தான் கால் போனதென்று மெய்யாகவே நம்புகிறீர்களா என்று. கட்டில் ஓரம் கழற்றி வைத்திருந்த பொய்க்காலின் பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "எனக்குத் தெரியாதாடி? தினம் நீ குத்துற ஊசியிலதானே உசுரோட உக்காந்திருக்கேன். ஊசியால போச்சுன்னா யார் மேலயும் பழி இல்ல. இப்பப் போய் அவனைப் போட்டுக்கச் சொன்னா, அப்ப என் பொடியாலதான் உனக்குக் கால் போச்சான்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்ல? அவன் தாங்க மாட்டான்."

உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்யவில்லை. உன்னைக் காப்பாற்ற அவர் சொல்லிவந்த பொய் இப்போது உன் காலுக்கே உலை வைக்கிறது. அது கூடத் தெரியாமல் ஒரு பாசம். நல்ல அண்ணன், நல்ல தம்பி.

அவர் நல்லவர், நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். உன் பேச்சைக் கேட்டுத்தான் அந்தக் கால் போனது. கேட்டவர் மேலும் தப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இதைப் படித்து உனக்கு அழுகை வந்தால் அழு. அழுது முடித்துவிட்டு டாக்டரிடம் போ.

ஊசி ஒன்றும் கடப்பாரை இல்லை. வயிற்றுத் தோலைப் பிடித்துப் போட்டால் எறும்பு கடித்த மாதிரிதான். முதல் நாள் நான்தான் போட்டுவிட்டேன். அவர், "விஷம் வைக்கிறா, வந்து பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. திடீரென்று வியர்த்து, கை கால் நடுங்கினால் உடனே சர்க்கரையை வாயில் போட்டுக்கொள். குடோனில் வண்டி ஓட்டும் வேலையிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்று நீ பயப்படுவதாக உன் பெண்டாட்டி சொன்னாள். டாக்டரிடமும் கேள், கம்பெனியிலும் மறைக்காதே. இறக்கினால் வேறு வேலை பார்க்கலாம். ஒற்றைக் காலோடு என்ன வேலை பார்க்கலாம் என்பதை உன் அண்ணனிடம் கேட்டுக்கொள்.

இன்னொன்று. கால் எடுத்ததிலிருந்து நீ இந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. லீவு கிடைக்கவில்லை என்கிறாய். அவர் நம்புகிறார். நான் நம்பவில்லை. உனக்கும் அப்போதே தெரியும், தம்பி. தெரிந்ததால்தான் வரவில்லை. அவர் என்னவோ இன்னும் மூடி மூடி வைக்கிறார், பாவம்.

தாங்க மாட்டாய் என்கிறார். தாங்கிக்கொள். ஊசியைப் போட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு ஒரு தடவை வா. வாசலில் உன் சத்தம் கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், முதலில் உன் காலைத்தான் பார்ப்பார். ரெண்டும் இருக்க வேண்டும். நன்றாக இரு.

உன் மேல் கோபம் இன்னும் தீராத
அண்ணி