பதில் ஆரன்

அண்ணா,

இன்று மதியம் ஒண்டிக்கடை முக்கில் பனி இறங்கியது. எதிரே இருக்கும் பேக்கரியின் போர்டுகூடத் தெரியவில்லை. ஒரு அம்மாவுக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப் சின்னதாக இரண்டு ஆரன் அடித்தது. அடித்துவிட்டு, வளைவு திரும்பாமல் பதில் ஆரனுக்காக நின்றது. அப்படி நிற்கிறவர் இந்த மலையில் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். என் கை மெஷின் மூடிமேலேயே நின்றுவிட்டது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது, அந்தக் கைக்கு இன்னும் தெரியவில்லை.

முதன்முதலில் ஜீப்பின் இன்சூரன்ஸ் தாளை பிரிண்ட் எடுக்கத்தான் என் கடைக்கு வந்தீர்கள். பிரிண்டர் மக்கர் பண்ணியது. காத்திருந்த நேரத்தில் என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தீர்கள். திரையில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு, நடுவில் சின்ன இறக்கம்.

"ஏனுங்க அம்மிணி, இது எந்த ரோடுங்க? நடுவுல குழி உளுந்து கெடக்குது?"

சிரித்துவிட்டேன். அது ரோடு இல்லை, ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் என்றேன். விண்வெளியில் ஒரு தொலைநோக்கி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் குறுக்கே போனால் வெளிச்சம் துளி குறையும், கோட்டில் குழி விழும். கம்ப்யூட்டர் தவறவிட்ட குழிகளை என்னைப் போல வேலையற்றவர்கள் உலகம் முழுக்க உட்கார்ந்து தேடிக் குறிக்கிறோம் என்றேன்.

"குழி தேடறதுன்னா எனக்கு உட்டுருங்க. முப்பது வருசமா அதத்தானுங்க பண்றேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டீர்கள். அன்றிலிருந்து வாழவந்தி ஊருக்குப் போகும் உங்கள் ஜீப்புக்கு ஆள் சேரும்வரை அந்த ஸ்டூல் உங்களுடையது. உங்கள் கண் என் கண்ணைவிடக் கூர்மை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, இப்போது சொல்கிறேன்.

அங்கே உயிர் இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அந்தக் கோளின் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பார்கள் என்றேன். வெளியே கை காட்டினீர்கள். "எதுத்த மலையில ஊட்டுக் கூரைமேல பொகை தெரிஞ்சா உள்ளார ஆள் இருக்குதுன்னு அர்த்தம். அது மாதிரிங்களா?" அதேதான். நான் ஒரு மணி நேரம் பேசியும் எனக்கு வராத விளக்கம்.

இத்தனை காலம் உலகம் முழுக்க ரேடியோ டிஷ் வைத்துக் காது கொடுத்துக் கேட்டும் வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லையே, வீண் வேலை என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "வளைவுல ஆரன் அடிச்சுப் பதில் வரலைன்னா ரோடு காலின்னு நெனச்சுப்போடாதீங்க அம்மிணி. அந்தப் பக்கம் வர்றவன் ஆரன் ரிப்பேரா இருக்கும். நின்னு பாக்கோணும்."

பிறகு உங்கள் நட்சத்திரம் கிடைத்தது. சம இடைவெளியில் மூன்று குழிகள், யாரும் குறிக்காதவை. அதற்கு 'ஊடு' என்று பெயர் வைத்தீர்கள், கூரைமேல் புகை தெரியும் அந்த வீடு. நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பெரிய தொலைநோக்கியில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. நாம் காத்திருந்தோம். அதற்குள் உங்களைச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள்.

அடுத்த மாதம் மெயில் வந்தது. ஒரு குழி ஆழம், அடுத்தது ஆழமில்லாமல் மேலாக, மாறி மாறி. அப்படியிருந்தால் கோள் இல்லை, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள். அதைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலை இறங்கும்வரை என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

கட்டிலில் பாதியாகக் கிடந்தீர்கள். உங்கள் வீட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நம்ம ஊடு என்னாச்சுங்க?" என்றீர்கள்.

"கோள்தானுங்ணா. தண்ணி இருக்கற தூரத்துல இருக்குதாம்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். "நொம்ப சந்தோசமுங்க அம்மிணி."

நான்கு நாளில் போய்விட்டீர்கள். சாகப்போகிறவரிடம் பொய் சொன்னவள் என்று குழி குறிக்கும் அந்த இணையப் பக்கத்தையே திறக்காமல் இருந்தேன். போன மாதம்தான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு திறந்தேன். உங்கள் நட்சத்திரத்துக்குக் கீழே, எல்லோரும் கருத்து எழுதும் இடத்தில், தமிழில் ஒரு வரி. போனிலேயே கோட்டைப் பார்த்து, வாயால் பேசியே எழுத்தாகப் பதிந்திருக்கிறீர்கள். தேதியைப் பார்த்தேன். எனக்கு மெயில் வருவதற்கு ஒன்பது நாள் முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து.

"ஒரு குழி ஆழமுங்க, ஒன்னு மேலாக்க. ரெண்டு நட்சத்திரமுங்க இது. கடைக்கார அம்மிணிக்குத் தெரிய வேண்டாம். பாவம், ஆசையா இருக்குது."

அடப்பாவி அண்ணா! உலகத்தில் எத்தனையோ பேர் வந்துபோகும் பக்கத்தில், தமிழ் தெரிந்த ஒரே ஆளுக்குத் தெரிய வேண்டாம் என்று தமிழிலேயே எழுதி வைத்தீர்களே. கடைக்குள்ளேயே சத்தம் போட்டு அழுதேன். நான் உங்களுக்காகப் பொய் சொன்னேன் என்று இத்தனை நாள் இருந்தேன். எல்லாம் தெரிந்தும் 'ஊடு என்னாச்சு' என்று எனக்காக நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், எனக்காகச் சிரித்திருக்கிறீர்கள். சரி, இப்போது நேரே சொல்லிவிடுகிறேன். அது இரண்டு நட்சத்திரம்தான், அண்ணா.

ஸ்டூல் அங்கேயேதான் கிடக்கிறது. தினமும் பத்துக் கோடாவது பார்க்கிறேன். இன்னும் ஒன்றும் அமையவில்லை. வீண் வேலை என்று மட்டும் சொல்வதில்லை.

இன்று அந்த ஜீப் மறுபடியும் இரண்டு ஆரன் அடித்தது. பதில் இல்லை. மெஷினை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, என் ஸ்கூட்டியில் சாவியைப் போட்டு இரண்டு முறை அடித்தேன். ஜீப் பனிக்குள்ளிருந்து மெதுவாக வந்தது. ஓட்டியவரை நான் பார்த்ததே இல்லை. கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

"ஏனுங்க, வண்டி எடுக்காமயே யாருக்கு ஆரன் அடிச்சீங்க?" என்று கார்டுக்காக நின்ற அம்மா கேட்டார்.

"இந்தப் பக்கம் ஆள் இருக்குதுன்னு சொன்னேனுங்க" என்றேன்.

அது பொய் இல்லை, அண்ணா.